கதவைத் தட்டுறாங்க... திறந்து விடுங்க!

சோழவரம் பக்கம் வீடு வீடாக வரும் 'சுகாதார அக்கா'க்கள்

"அம்மா... வீட்ல யாராச்சும் இருக்கீங்களா?"

காலை மணி பத்து. ஜி.என்.டி. ரோட்டில் லாரிகள் வரிசை கட்டிப் போகின்றன. கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்கள் காலை ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு எப்போதோ போய்விட்டன. செங்குன்றம் வழியாகச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்களும் கிளம்பியாகிவிட்டது. தெருவில் மிச்சம் இருப்பது வயசானவர்கள், குழந்தைகள், அடுப்படியில் நிற்கும் பெண்கள்.

அந்த நேரத்தில்தான் சோழவரம் வட்டாரத்துத் தெருக்களில் இந்தக் குரல் கேட்கும்.

வாசலில் ஒரு பெண். தோளில் பை. புடவை விற்க வந்தவரா? இல்லை. சீட்டுப் பணம் கேட்க வந்தவரா? அதுவும் இல்லை. பைக்குள் ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவி இருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷின் இருக்கிறது. மாத்திரை அட்டைகள் இருக்கின்றன. ஒரு நோட்டும் இருக்கிறது.

இவர் டாக்டர் இல்லை. நர்சும் இல்லை. அதே ஊர்க்காரப் பெண்; மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து வந்தவர். அரசாங்க ஏட்டில் இவருக்குப் பெயர் 'பெண் சுகாதாரத் தன்னார்வலர்'. தெருவில் பெயர் 'மாத்திரை அக்கா'!

நகரமா? கிராமமா?

சோழவரம் என்றால் சென்னைக்காரர்களுக்கு இரண்டு ஞாபகம் வரும். ஒன்று, சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஏரி. இன்னொன்று, யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் நடந்த மோட்டார் பந்தயம். பந்தயம் போய்விட்டது. ஏரி இருக்கிறது.

அந்த ஏரியைச் சுற்றி இன்று என்ன இருக்கிறது? குடோன்கள் இருக்கின்றன. லாரி ஷெட்டுகள் இருக்கின்றன. தெற்கே செங்குன்றத்து ரைஸ் மில்கள். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. நடுவே மனைகளாகிப்போன வயல்கள்.

2011-ல் சென்னை மாநகராட்சியின் எல்லையை 174 சதுர கிலோ மீட்டரிலிருந்து 426 ஆக நீட்டினார்கள். அப்போதும் சோழவரம் எல்லைக்கு வெளியேதான் நின்றது. காகிதத்தில் ஊராட்சி ஒன்றியம். ஆனால் பிழைப்பு நகரத்துப் பிழைப்பு. சாப்பாடு நகரத்துச் சாப்பாடு. வருகிற வியாதியும் நகரத்து வியாதி!

சத்தம் போடாத வியாதி

அந்தக் காலத்து வியாதி சொல்லிக்கொண்டு வரும். காய்ச்சல் அடிக்கும். வாந்தி பேதி ஆகும். ஆளைப் படுக்க வைக்கும். வீட்டார் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்.

ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அப்படி இல்லை. திருடன் மாதிரி உள்ளே நுழையும். வலி கிடையாது. மனுஷன் டீ குடிப்பான், பஸ் பிடிப்பான், ஓவர்டைம் பார்ப்பான். பத்து வருஷம் இப்படியே ஓடும். ஒருநாள் காலையில் வாய் கோணும், கை தூக்க வராது. அல்லது காலில் பட்ட சின்னக் காயம் ஆறவே ஆறாது. அல்லது "சிறுநீரகம் சுருங்கிப் போச்சு" என்பார் டாக்டர். அன்றைக்குத்தான் வியாதி இருந்ததே தெரியும்!

2020-ல் தமிழ்நாடு முழுவதும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வின் கணக்கைக் கேளுங்கள். நூற்றுக்கு 33.9 பேருக்கு ரத்தக் கொதிப்பு. அதாவது மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டில் ஒருவருக்கு! நூற்றுக்கு 17.6 பேருக்குச் சர்க்கரை.

அதைவிடத் திடுக்கிட வைக்கும் கணக்கு இன்னொன்று. கொதிப்பு உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7.3 பேர்தான். சர்க்கரையில் 10.8 பேர்.

மற்றவர்கள்? பாதிப் பேருக்கு மேல் தனக்கு வியாதி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் மாத்திரை வாங்கப் போவதில்லை. போனவர்களில் பலர் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

'ஒருநாள் கூலி போச்சே!'

ஏன் போவதில்லை? ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தானே?

மாத்திரை இலவசம். ஆனால் அங்கே போய் வருகிற நாள் இலவசம் இல்லை! குடோனில் மூட்டை தூக்குகிறவர் மாதம் ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போச்சு. கடைக்காரர் ஷட்டரை இறக்கினால் அன்றைய வியாபாரம் போச்சு. மூட்டு வலியோடு இருக்கும் பாட்டிக்கு ஷேர் ஆட்டோ ஏறி இறங்குவதே பெரும் பாடு. கூட வர ஆள் வேண்டும். வருகிறவருக்கும் அன்றைக்கு வேலை கெடும்.

ஒரு மாதம் தவறும். இரண்டு மாதம் தவறும். "இப்ப ஒண்ணும் தெரியலையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றும். அவ்வளவுதான், மாத்திரை நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு ஒரு தலைகீழ் வேலை செய்தது. நோயாளி மாத்திரையைத் தேடிப் போவதற்குப் பதில், மாத்திரை நோயாளியைத் தேடிப் போகட்டும் என்றது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், அப்போது முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாநிலம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு நர்சும், கை கால் வராதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வர ஏற்பாடு ஆனது.

2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் தொற்றா நோய்த் தடுப்புப் பணிக்குழு இந்தத் திட்டத்துக்கு விருது கொடுத்தது.

விருது இருக்கட்டும். பலன் உண்டா? அடுத்து நடந்த ஆய்வில், கொதிப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு 7.3-லிருந்து 17 ஆனார்கள். சர்க்கரையில் 10.8-லிருந்து 16.7. இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது கொதிப்புக் கணக்கு. ஆனால் இன்னும் நூற்றுக்கு 83 பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

வாசலில் நடக்கும் வாதம்

மெஷினைக் கையில் கட்டுவது இரண்டு நிமிட வேலை. ஆளைச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை! எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய பதில்கள் இவை:

"எனக்கு இன்னா கண்ணு வியாதி? கல்லைத் தின்னாலும் ஜீரணம் ஆவும்."

"பார்த்தா இருக்குன்னு சொல்லிடுவீங்க. அப்புறம் ஆயுசுக்கும் மாத்திரைதான். வேணாம் தாயி."

"மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்னு செல்போன்ல போட்டிருக்கான்."

"போன மாசம் நார்மல்னு சொன்னீங்களே, அதான் நிறுத்திட்டேன்."

கடைசியாகச் சொன்ன பதில்தான் ரொம்ப ஆபத்தானது. நார்மல் ஆனது எதனால்? மாத்திரை சாப்பிட்டதனால்! குடை பிடித்ததால் நனையவில்லை. நனையவில்லையே என்று நடு மழையில் குடையை மடக்கினால் என்ன ஆகும்? அதேதான். கிட்னி கதையும் தலைகீழ். கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் கொதிப்பும்தான் கிட்னியைத் தின்பவை. அதைத் தடுக்கத்தான் மாத்திரை.

இதை வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். கேள்வி கேட்கப் பயம். பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். அடுத்த தெரு அக்கா சொன்னால்? எதிர்த்துப் பேசலாம். சந்தேகம் கேட்கலாம். "உங்க மாமியாருக்கு எப்படி இருக்கு?" என்று திருப்பிக் கேட்கலாம். பேசிப் பேசித்தான் நம்பிக்கை வரும். இந்த வேலையின் சூட்சுமமே அதுதான்.

சென்னை சொல்லிக் கொடுத்த பாடம்

வீட்டில் வைத்தே வைத்தியம் பார்க்கலாம் என்பதை உலகத்துக்குச் சொன்ன ஊர் எது தெரியுமா? நம்ம சென்னை!

ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான் கதி. மாதக்கணக்கில் படுக்கை, ஓய்வு, பால், முட்டை. ஏழைக்கு எங்கே இடம் கிடைக்கும்? 1956-ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு ஆகிய நான்கும் அதில் சேர்ந்திருந்தன.

நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். இன்னொரு பகுதியினரைக் குடிசையிலேயே விட்டார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்கள் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் ஊழியர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள்.

1959-ல் முடிவு வெளியானது. நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டு நோயாளிகளும் சானடோரியத்து நோயாளிகளைப் போலவே குணமானார்கள்! மருந்து ஆரம்பித்த பிறகு வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியமே மாறியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிலையம்.

அன்றைக்கு மாத்திரையை எண்ணிப் பார்த்த ஊழியருக்கும், இன்றைக்கு வரும் மாத்திரை அக்காவுக்கும் வேலை ஒன்றுதான்.

அம்மை ஒழிந்ததும் இப்படித்தான். வீடு வீடாகப் போய்ப் படம் காட்டி, "இப்படி யாருக்காவது கொப்புளம் இருக்கா?" என்று தேடினார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. போலியோவும் வாசலுக்கு வந்த சொட்டு மருந்தால்தான் ஓடியது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில்; போலியோ இல்லாத நாடு என்ற சான்று 2014 மார்ச்சில். 2020-ல் கொரோனா வந்தபோது சென்னை மாநகராட்சி தெருத் தெருவாக ஆளனுப்பி, "யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்க வைத்ததை யார் மறக்க முடியும்? நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த நாளில் அவர்கள் வெளியே நின்றார்கள்.

பூட்டிய கதவு

சரி, இவ்வளவு நல்ல திட்டத்துக்கு என்ன குறை?

பூட்டு!

காலை பத்து மணிக்கு மாத்திரை அக்கா வரும்போது வீட்டில் இருப்பது யார்? பாட்டி இருப்பார். அம்மா இருப்பார். ஆனால் நாற்பது வயதுக் குடும்பத் தலைவர் எங்கே? சிப்காட்டில் மெஷின் முன்னால். குடோனில் மூட்டைக்குக் கீழே. லாரியில் ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம். இரவு ஷிப்டு முடித்தவர் வீட்டில்தான் இருப்பார். ஆனால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். அவரை எழுப்ப யாருக்கு மனசு வரும்?

சம்பாதிக்கிற ஆள்தான் கணக்கில் விடுபட்டுப் போகிறார். அவர் விழுந்தால் குடும்பமே விழும். ஷிப்டு மாறி மாறி வேலை, தூக்கம் கெடுதல், நேரம் கெட்ட சாப்பாடு, டீக்கடை போண்டா, பீடி சிகரெட். கொதிப்பும் சர்க்கரையும் தேடுகிற ஆளே இவர்தான்!

இதைப் பார்த்துத்தான் 2024 ஜனவரியில் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று வேலை இடத்திலேயே சோதனை செய்யும் திட்டம் தொடங்கினார்கள். நல்ல யோசனை. பெரிய தொழிற்சாலையில் கேட்டைத் திறந்து ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்திவிடலாம். ஆனால் இருபது பேர் வேலை செய்யும் ஷெட்? தினம் ஒரு குடோனில் சுமை இறக்குகிறவர்? கிளீனர் பையன்?

வெளி மாநிலத்துத் தொழிலாளர்களும் இங்கே ஏராளம். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். சிப்காட்டில் இந்தி பேசும் இளைஞர்கள் ஒரே அறையில் பல பேராகத் தங்குகிறார்கள். ஆறு மாதத்தில் இடம் மாறிவிடுவார்கள். குழந்தைக்கு எந்த ஊசி போட்டது, எது பாக்கி என்று சொல்லும் அட்டை எங்கோ தொலைந்திருக்கும். கர்ப்பிணிக்குப் பாஷை தெரியாது. இவர்கள் கதவைத் தட்டத்தான் ஆள் அதிகம் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒருநாள், அல்லது மாலை ஆறு மணிக்கு மேல் ஒருநாள் சோதனை என்று வைத்தால் என்ன? ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மேஜை போட்டால் என்ன? அதற்குக் கூடுதல் ஆளும் கூடுதல் காசும் வேண்டும். அங்கேதான் அடுத்த சிக்கல்.

சேவைக்கு மாலை, சம்பளத்துக்கு?

இந்தப் பெண்களுக்குக் கொடுப்பது சம்பளம் இல்லை. 'ஊக்கத்தொகை'. தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். பிறகு 5,500 ஆனது. முப்பது நாளுக்கு வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 183 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய்.

'தன்னார்வலர்' என்பது கேட்க அழகான பெயர். ஆனால் தன்னார்வலர் என்றால் ஊழியர் இல்லை என்று அர்த்தம். ஊழியர் இல்லை என்றால் பி.எப். எங்கே? பிரசவ லீவு எங்கே? வெயிலில் நடந்து நடந்து இவருக்கே கொதிப்பு வந்தால் யார் பார்ப்பது?

இது தமிழ்நாட்டுக் கதை மட்டும் இல்லை. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் 'ஆஷா' ஊழியர்களைக் கொண்டுவந்தது. இன்று நாடு முழுவதும் சுமார் பத்து லட்சம் பெண்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்துக் கைதட்டியது. ஆனால் 2025 பிப்ரவரியில் கேரள ஆஷா ஊழியர்கள் மதிப்பூதியத்தை உயர்த்தச் சொல்லித் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் எட்டு மாதத்துக்கு மேல் அந்தப் போராட்டம் நடந்தது.

பிரேசில் நாட்டைப் பாருங்கள். அங்கேயும் இதே மாதிரி வீடு வீடாகப் போகும் சுகாதார ஊழியர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். 2022-ல் அந்த நாடு அரசியல் சட்டத்தையே திருத்தி, இவர்களுக்கு நாட்டின் குறைந்தபட்சக் கூலியைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் சம்பளம் என்று எழுதி வைத்தது. அங்கே முடியும் என்றால் இங்கே முடியாதா?

ஒரு மனுஷர் பக்கவாதத்தில் விழாமல் தடுத்தால் அந்தக் குடும்பத்துக்கு மிச்சமாகும் பணம் எவ்வளவு, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மிச்சமாகும் படுக்கை எத்தனை நாள் என்று கணக்குப் போடுங்கள். அந்த மிச்சத்தில் ஒரு சிறு பங்குதான் இந்தப் பெண்கள் கேட்கும் சம்பளம்.

யார் யார் வருவார்கள்?

வாசகர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. வாசலுக்கு வரும் எல்லாரும் ஒரே ஆள் இல்லை.

கிராம சுகாதாரச் செவிலியர்: படித்துப் பயிற்சி பெற்ற அரசு நர்சு. கர்ப்பிணியைப் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது இவர் வேலை. புதன்கிழமை தடுப்பூசி நாள். சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு.

அங்கன்வாடிப் பணியாளர்: 1975 முதல் நடக்கும் திட்டம். குழந்தையை எடை போடுவது, சத்துமாவு கொடுப்பது இவர்.

மாத்திரை அக்கா: கொதிப்பு, சர்க்கரை பார்ப்பது, மாதா மாதம் மாத்திரை கொண்டுவருவது, சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது. ஊசி போடமாட்டார், மாத்திரையை அவராகக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

உங்களிடம் கேட்பது

பஸ்சில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவரே, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவரே! உங்களுக்கு வயது முப்பது தாண்டியதா? கடைசியாக எப்போது கொதிப்பு பார்த்தீர்கள்? ஞாபகம் இல்லை என்றால் இந்த வாரமே பாருங்கள். மேல் கணக்கு 140, கீழ்க் கணக்கு 90. இதில் எது தாண்டினாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒருதடவை பார்த்து முடிவு கட்ட வேண்டாம். மறுபடியும் பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள்.

சந்தேகத்துக்கு 104. அவசரத்துக்கு 108. வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் வரவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரை அக்கா வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "ஒண்ணும் வேணாம், போங்க" என்று சொல்லாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தைச் சொல்லி, செல்போன் எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வேலைக்குப் போன வீட்டுக்காரருக்கும் பார்க்க வேண்டும் என்று நினைவுபடுத்துங்கள்.

நாளைக்கும் காலை பத்து மணிக்கு அவர் வருவார்.

"அம்மா... வீட்ல யாராச்சும் இருக்கீங்களா?"

இருக்கோம் என்று சொல்லுங்கள்.